சேற்றிலிருந்து ரத்தத்துக்கு

அரியூர் நாட்டில் மழை பிடித்துக்கொண்டால் பள்ளத்து வயல்களில் கால் வைத்த இடமெல்லாம் சேறு. கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் ஒன்று இது. சரிவுகளில் மரவள்ளி, மிளகு, காபி, கொஞ்சம் சாமை; இரண்டு மேடுகளுக்கு நடுவே தண்ணீர் வந்து தங்குகிற பள்ளங்களில் நெல். நடவு, களையெடுப்பு என்று நாள் முழுக்கச் சேற்றில் நிற்கிற பெண்களின் கால்விரல் இடுக்கில் தோல் ஊறி, வெளுத்து, பிளந்துவிடும். சேற்றுப்புண். மஞ்சளைக் குழைத்துப் பூசுவார்கள், மருதாணியை அரைத்து வைப்பார்கள். ராத்திரி முழுக்க அரிப்பு, விடிந்தால் மறுபடி வயல். இதை ஒரு நோய் என்று சொல்லிக்கொண்டு யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. பெரும்பாலும் போக வேண்டிய தேவையும் இல்லை.

வெப்பமண்டல நாடுகளின் வயல்சேற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவுக்கு அந்தப் பிளவு போதும். பர்கோல்டேரியா சூடோமல்லை என்பது அதன் பெயர். அது உண்டாக்கும் நோய் மெலியோய்டோசிஸ். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் சென்னையின் பெரிய மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் இந்த நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். கொல்லிமலையிலிருந்து அங்கே போய்ச் சேர, முதலில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். இந்த நோய்க்கு ‘அரிது’ என்று பெயர் விழுந்ததில் அந்தத் தூரத்துக்கும் பங்கு உண்டு.

கிருமியின் குணத்தை முதலில் பார்த்துவிடலாம். டைபாய்டுக் கிருமியைப் போல இது மனிதக் குடலை நம்பிப் பிழைப்பதில்லை. இதன் வீடு மண். களிமண் கலந்து ஈரம் பிடித்துவைக்கும் நிலம் என்றால் இன்னும் வசதி. கோடையில் மேல்மண் காய்ந்தால் ஈரம் இருக்கும் ஆழத்தில் கிடக்கும். மழையில் நீர்மட்டம் ஏறும்போது அதுவும் மேலே வரும். தாய்லாந்து ஆய்வாளர்கள் இதைக் காய்ச்சி வடித்த வெறும் தண்ணீரில், வேறு எந்த ஊட்டமும் தராமல், விட்டுவைத்தார்கள். 16 ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்தது. 2004இல் இதன் மரபணுத் தொகுதியை வாசித்தபோது இரண்டு குரோமோசோம்களில் சுமார் 72 லட்சம் எழுத்துகள் இருந்தன. நம் குடலில் வாழும் சாதாரண ஈ.கோலைக்குச் சுமார் 46 லட்சம்தான். பட்டினி, அமிலம், மண்ணில் உடன் வாழும் பூஞ்சைகள் சுரக்கும் நஞ்சு என்று எல்லாவற்றையும் சமாளிக்கத் தேவையான சாமான்களை அது கையோடு வைத்திருக்கிறது. பெனிசிலின், ஆம்பிசிலின், ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் இதனிடம் தோற்பதும் அதனால்தான். மனித உடலுக்குள் இது வந்து சேர்வது ஒரு விபத்து. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது மிக மிக அபூர்வம்.

இதை முதலில் கண்டுபிடித்த இருவரில் ஒருவர் பெயர் கிருஷ்ணசாமி. 1911இல் ரங்கூன் பொது மருத்துவமனையின் பிணவறையில் ஆல்பிரட் விட்மோர் என்ற ஆங்கிலேய நோய்க்குறியியலாளர் வேலை பார்த்தார். சி.எஸ். கிருஷ்ணசாமி அவருடைய உதவியாளர். மார்ஃபின் ஊசிப் பழக்கத்தால் சீரழிந்து, தெருவோரத்தில் கிடந்து இறந்தவர்களின் உடல்கள் அங்கே வரும். நுரையீரலைத் திறந்தால் காசநோய் போலத் தெரியும். ஆனால் காசநோய்க் கிருமி இருக்காது. கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள். குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் என்ற நோயின் சாயல் இருந்தது. ஆனால் அந்தக் கிருமி அசையாது. இது நீந்தியது, வளர்ப்பு ஊடகத்தில் அதைவிட வேகமாகவும் பெருகியது. புதிய நோய் இது என்று இருவரும் 1912இல் ‘இந்தியன் மெடிக்கல் கெஸட்’ இதழில் எழுதினார்கள். கிருஷ்ணசாமி பிறகு தனியாகவும் 1917இல், மார்ஃபின் ஊசி போடுவோரின் ரத்த நஞ்சாதல் என்ற பெயரிலேயே ஒரு கட்டுரை வெளியிட்டார். உலகம் அந்த நோய்க்கு ‘விட்மோர் நோய்’ என்று பெயர் வைத்தது. கூடவே நின்று உடல்களை அறுத்தவருக்குப் பெயரில் பங்கு கிடைக்கவில்லை.

ரங்கூனில் வழி ஊசி. வயலில் வழி கால். வேறு இரண்டு பாதைகளும் உண்டு. புயலும் பெருமழையும் மண்ணைக் கிளறும்போது எழும் நுண்துளிகளை மூச்சில் இழுத்தால் நேரே நுரையீரல்தான். வியட்நாம் போரின்போது ஹெலிகாப்டர் இறக்கை கிளப்பிய தூசியே அமெரிக்க வீரர்கள் சிலருக்கு நோய் வரக் காரணம் என்று மருத்துவர்கள் சந்தேகித்தார்கள். இன்னொரு பாதை, குடிநீர்.

உள்ளே போன கிருமி நம் ரத்த வெள்ளணுக்களுக்குள்ளேயே புகுந்து கொள்கிறது. விழுங்கி அழிக்க வந்த அணுவின் உள்ளிருந்தே பெருகி, அந்த அணுவின் எலும்புக்கூடாக இருக்கும் புரதத்தைத் தனக்கு வாலாக்கிக்கொண்டு, பக்கத்து அணுவுக்குள் தள்ளிக்கொண்டு போகிறது. அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து ஒரே பெரிய அணுவாக்கும் வேலையும் செய்கிறது. இப்படி நகர்கிறபோது ரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருள்களின் கண்ணில் படவே வேண்டியதில்லை. பிறகு ரத்தத்தில் கொட்டி, கல்லீரல், மண்ணீரல், மூட்டு, ஆண்களுக்குப் புராஸ்டேட், சில குழந்தைகளுக்குக் காதோரத்து உமிழ்நீர்ச் சுரப்பி என்று கண்ட இடத்திலெல்லாம் சீழ் பிடிக்க வைக்கிறது. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் 1989 முதல் ஒரு நோயாளி விடாமல் கணக்கு வைத்திருக்கிறார்கள். முப்பது ஆண்டில் 1,148 பேர். பாதிக்கு மேற்பட்டவர்களின் ரத்தத்திலேயே கிருமி இருந்தது. ரத்த அழுத்தம் விழுந்து, சிறுநீர் நின்று, மூச்சுக்குக் கருவி தேவைப்படும் நிலைக்கு இரண்டு மூன்று நாளில் போய்விடுகிறவர்கள் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

சேற்றில் இறங்கும் எல்லோருக்கும் இது வருமா? வராது. கிருமி உள்ளே போனவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுமே ஆவதில்லை. ரத்தத்தில் எதிர்ப்பொருள் மட்டும் தங்கிவிடும். சர்க்கரை நோயாளிகளின் கதை வேறு. கட்டுப்பாடில்லாத சர்க்கரை, கிருமியை முதலில் எதிர்கொள்ளும் வெள்ளணுக்களை மந்தமாக்கிவிடுகிறது. இந்தியாவில் பதிவான மெலியோய்டோசிஸ் நோயாளிகளில் பெரும்பாலோருக்குச் சர்க்கரை இருந்தது. பலருக்கு அது இருப்பதே இந்தக் காய்ச்சலோடு படுத்தபோதுதான் தெரிந்தது. சிறுநீரகக் கோளாறு, தலசீமியா, நெடுநாள் குடிப்பழக்கம் ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியானபோது தமிழகத்தில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் என்றது. நாட்டின் சராசரி 11.4. நெல் வயலும் சர்க்கரையும் ஒரே வீட்டில் இருக்கும் மாநிலம் இது. மெலியோய்டோசிஸைப் பற்றிக் கவலைப்பட அது ஒன்றே போதுமான காரணம்.

இனி ஒரு பரிசோதனைக்கூடத்துக்குள் போகலாம். நோய் கண்டுபிடிக்கப்படுவதும் தவறிப்போவதும் அங்கேதான்.

நோயாளியின் கையைச் சுத்தம் செய்து, எட்டுப் பத்து மில்லி ரத்தம் எடுத்து, ஊட்டக் கரைசல் நிறைந்த பாட்டிலில் விட்டு அனுப்புகிறார்கள். ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். பாட்டில் கருவிக்குள் உடல் சூட்டில் உட்கார்ந்திருக்கும். கிருமி பெருகி வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடைக் கண்டு, ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துக் கருவி கூவும். டெக்னீஷியன் ஒரு சொட்டைக் கண்ணாடியில் தேய்த்துச் சாயமேற்றிப் பார்க்கிறார். இளஞ்சிவப்புக் குச்சிகள்; இரு முனையும் அடர்ந்து, நடுவில் வெளுத்து, ஊக்கு மாதிரி. மீதியை ஊடகத் தட்டில் தீற்றி வைக்கிறார். மறுநாள் சின்னச் சின்னப் புள்ளிகள், தனித்துச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் நாள்தான் அவை உலர்ந்து சுருக்கம் விழுந்து, ஓர் உலோக மினுமினுப்பைக் காட்டும். தட்டைத் திறந்தால் மழை நனைத்த மண்ணின் வாசனை வரும். அதை முகர்ந்து பார்ப்பது இன்று கண்டிப்பாகக் கூடாது. மூச்சிலேயே ஏறும் கிருமி.

அவசரப்படுகிற கூடத்தில் கதை வேறு மாதிரி முடியும். இரண்டாம் நாளே ‘சூடோமோனாஸ் இனம்’ என்று எழுதிவிடுவார்கள். அல்லது ஊசி குத்தும்போது வெளியிலிருந்து கலந்த கிருமி என்று ஒதுக்கிவிடுவார்கள். சில தானியங்கிக் கருவிகள்கூட இதை உறவுக்காரக் கிருமியின் பெயரில் அடையாளம் காட்டுவதுண்டு. இத்தனைக்கும் சந்தேகத்தைக் கிளப்ப அதிகச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. மருந்து தோய்த்த மூன்று வட்டுகளைத் தட்டில் வைத்தால் போதும். ஜென்டாமைசினைச் சுற்றியும் கோலிஸ்டினைச் சுற்றியும் கிருமி தாராளமாக வளர்ந்து, கோ-அமாக்சிக்ளேவைச் சுற்றி மட்டும் வளராமல் வெற்று வட்டம் விழுந்தால் மெலியோய்டோசிஸை நினைக்க வேண்டும். நினைக்கத் தெரிந்தவர் அந்த மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நினைத்தாலும், நோய் இருப்பவர்களில் சுமார் 60 விழுக்காட்டினரிடம்தான் கல்ச்சர் எனும் இந்த வளர்ப்புச் சோதனை அதைப் பிடிக்கிறது.

இந்தியாவில் மெலியோய்டோசிஸின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் பரிசோதனைக்கூடத்தின் இந்தப் பங்கு பளிச்சென்று தெரியும். 1991இல் மும்பையில் ஒரு குழந்தைக்கு நோய் வந்ததாக அறிவிப்பு. அதன் பிறகு வேலூர். அங்கே டி. ஜேக்கப் ஜானும் மேரி ஜேசுதாசனும் எம்.கே. லலிதாவும் மற்றவர்களும் தங்கள் நோயாளிகளைத் தொகுத்து 1996இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இது பனிப்பாறையின் நுனிதானா என்பது அதன் தலைப்பிலேயே இருந்த கேள்வி. பிறகு கர்நாடகக் கடலோரம்: மணிப்பால் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியில் சிரஞ்ஜய் முகோபாத்யாயும் அவர் குழுவினரும் தேடத் தொடங்கியதும் உடுப்பி, தட்சிண கன்னடப் பகுதிகளில் வருடம் தவறாமல், அதுவும் மழைக்காலத்தில், நோயாளிகள் கிடைத்தார்கள். அந்தக் கடலோரத்தின் மண்ணிலேயே கிருமி கிடைத்தது. வேலூர், மணிப்பால், சென்னை, புதுச்சேரி. நல்ல பரிசோதனைக்கூடம் எங்கே இருக்கிறதோ அங்கே நோயும் இருக்கிறது. நடுவில் உள்ள மாவட்டங்களின் சேறு வேறு சேறா என்ன?

இலங்கையில் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. 1927இல் கொழும்பில் ஒரு ஐரோப்பியத் தேயிலைத் தரகருக்கு வந்தது முதல் நோய். அதன் பிறகு பல பத்தாண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் செய்தி. இலங்கை இந்த நோய் நிலைத்திருக்கும் இடமாகக் கருதப்படவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் எனோக்கா கொரியாவும் அவருடைய குழுவினரும் 2006 முதல் மாகாண மருத்துவமனைகளுக்கு நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுத்து, சந்தேகக் கிருமிகளைத் தாங்களே வாங்கிச் சோதித்துக் கொடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் எண்ணிக்கை இருநூறைத் தாண்டியது. ஒன்பது மாகாணங்களிலும் இருந்தது. மட்டக்களப்பில் நிறைய. அதற்குள் இலங்கையின் மண் மாறிவிடவில்லை.

2016இல் நேச்சர் மைக்ரோபயாலஜி இதழில் வந்த கணிப்பு ஒன்று, உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 1,65,000 பேருக்கு இந்த நோய் வருவதாகவும் 89,000 பேர் இறப்பதாகவும் சொன்னது. சுமையில் 44 விழுக்காடு தெற்காசியாவில். மண், மழை, நோயாளிப் பதிவுகளை வைத்துப் போட்ட கணிதக் கணிப்பு அது. தலை எண்ணிய கணக்கல்ல. பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் ‘அரிது’ என்ற சொல்லை எடுத்துவிட வேண்டியதுதான்.

காசநோய் என்று தவறாக எண்ணுவதும் கணக்கைக் குறைக்கிறது. வாரக்கணக்கில் காய்ச்சல், இருமல், எடை குறைவு, எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பகுதியில் குழிவு. சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்றாலும் டிபி மாத்திரை ஆரம்பித்துவிடுகிறார்கள். காசநோய் மலிந்த நாட்டில் அது புரிந்துகொள்ளக்கூடிய முடிவு. அந்த மாத்திரைகள் மெலியோய்டோசிஸைத் தீர்ப்பதில்லை. ரங்கூன் பிணவறையில் விட்மோரையும் கிருஷ்ணசாமியையும் முதலில் குழப்பியதும் இதே தோற்றம்தான்.

கிருமி எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் 2021இல் நடந்தது ஒரு சாட்சி. கான்சாஸ், டெக்சாஸ், மினசோட்டா, ஜார்ஜியா என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மாநிலங்களில் நான்கு பேருக்கு மெலியோய்டோசிஸ். இருவர் இறந்தார்கள், அதில் ஒருவர் குழந்தை. நால்வரில் ஒருவரும் வெளிநாடு போனதில்லை. ஆனால் மரபணு தெற்காசியக் கிருமியைப் போல இருந்தது. மாதக்கணக்கில் வீடுகளைத் துருவிய பிறகு அக்டோபரில், ஜார்ஜியா வீட்டில் இருந்த ஒரு வாசனைத் தெளிப்பான் பாட்டிலில் அதே கிருமி கிடைத்தது. லாவெண்டர் மணம், உள்ளே அழகுக்கு மணிக்கற்கள்; இந்தியாவில் தயாரானது, வால்மார்ட்டில் விற்றது. சுமார் 3,900 பாட்டில்கள் திரும்பப் பெறப்பட்டன. 

இதே சேற்றுத் தண்ணீரில் வேறு சிலரும் குடியிருக்கிறார்கள். குரோமோபாக்டீரியம் வயலேசியம் என்ற கிருமி ஊடகத் தட்டில் கத்தரிப்பூ நிறம் முற்றிக் கறுத்தது போல வளரும். பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லிவிடலாம். 1927இல் மலேயாவில் முதல் மனித நோயாளி. அதன் பிறகு உலகம் முழுக்கச் சில நூறுகூடத் தேறாது. இதை நிஜமாகவே அரிது என்று சொல்லலாம். ரத்தத்தில் கலந்தால் கொல்லும் வேகம் அதிகம். ஏரோமோனாஸ் இன்னொன்று. குளம், ஓடை, அட்டையின் வயிறு என்று எங்கும் இருக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு தெற்குத் தாய்லாந்தில் காயம் சீழ்பிடித்து வந்தவர்களிடம் அதிகம் கிடைத்த கிருமி அதுதான்.

ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்குக் கொல்லிமலை வந்து ஆகாயகங்கை அருவியில் தலை கொடுக்கும் கூட்டம் இதைப் படித்துவிட்டுக் குளிக்காமல் திரும்ப வேண்டியதில்லை. உடல்நலம் உள்ளவருக்கு, ஆறாத புண் இல்லாதவருக்கு, ஓடுகிற அருவித் தண்ணீரால் இந்த ஆபத்து மிகக் குறைவு. கவலை மழைக்காலம் முழுக்கச் சேற்றில் நிற்கிற, சர்க்கரை இருக்கிற, வயது நாற்பதைத் தாண்டியவர்களைப் பற்றித்தான். ரப்பர் பூட்ஸ் போடச் சொல்லித் தாய்லாந்தில் அறிவுறுத்துகிறார்கள். முழங்கால் சேற்றில் நாற்று நடுகிறவரிடம் பூட்ஸ் போடச் சொல்கிற ஆலோசகர் ஒரு நாளாவது அதைப் போட்டுக்கொண்டு நட்டுப் பார்த்திருக்க மாட்டார். சேற்றுப்புண்ணை ஆறவிட்டு இறங்குவதும், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைப்பதும் நடக்கக்கூடிய காரியம். குடிநீரில் குளோரின் இன்னும் முக்கியம். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஒரு தொலைதூரக் குடியிருப்பில் 1997இல் குழாய்த் தண்ணீர் வழியாகவே இந்த நோய் பரவி, சில வாரங்களில் ஏழு பேர் படுத்தார்கள், மூவர் இறந்தார்கள். ஊற்றுத் தண்ணீரைத் தொட்டியில் ஏற்றிக் குழாயில் விடுகிற எந்த மலைக் கிராமத்துக்கும் அது பொருந்தும்.

சர்க்கரையைக் கண்டுபிடிக்க வீட்டு வாசலுக்கே ஆள் வருகிற ஏற்பாடு தமிழகத்தில் இருக்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியது. கொல்லிமலை இருக்கும் நாமக்கல் மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. மலையடிவாரத்தைத் தாண்டியதும் ரத்தக் கல்ச்சருக்கு இடம் கிடைப்பது முன்னைவிட எளிது. மழைக்காலத்தில் சர்க்கரை நோயாளி ஒருவர் மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சலோடு வந்தால், ‘காய்ச்சல் ஊசி’ போடுவதற்கு முன் அந்த எட்டு மில்லி ரத்தத்தை எடுத்துவிட வேண்டும். வயல் வேலை பார்த்ததையும், வேலைக்காகக் கேரளம், கர்நாடகம் போய் வந்ததையும் நோயாளியே சொல்லிவிடுவது நல்லது. கிருமி உடலில் மாதக்கணக்கில், சிலரிடம் வருடக்கணக்கில்கூட ஒளிந்திருந்து பிறகு கிளம்பும்.

கண்டுபிடித்துவிட்டால் மருந்து உண்டு. தாய்லாந்தின் உபோன் ராட்சதானி நகரில் நடந்து 1989இல் வெளியான சோதனையில் செஃப்டாசிடிம் ஊசி, கடுமையான நோயாளிகளின் இறப்பை 74 விழுக்காட்டிலிருந்து 37ஆகக் குறைத்தது. இன்றும் அதையோ மெரோபெனெமையோ குறைந்தது பத்துப் பதினான்கு நாள் நரம்பில் ஏற்றுகிறார்கள். உள்ளே சீழ்க்கட்டி பெரிதாக இருந்தால் அதற்கும் மேல் வாரக்கணக்கில். காய்ச்சல் விடவே ஒரு வாரம் பத்து நாள் ஆகும் என்பதால் மருந்து வேலை செய்யவில்லை என்று இடையில் மாற்றிவிடுகிற ஆபத்தும் உண்டு. அதன் பின் கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை, சுமார் மூன்று மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்து அலமாரியில் காலங்காலமாக இருக்கிற மலிவு மாத்திரைதான் அது. உடம்பு தேறி, பசி எடுத்து, மறுபடி வயலுக்குப் போகத் தொடங்கியவர்கள் இரண்டாம் மாதத்தில் அதை விட்டுவிடுகிறார்கள். அவர்களில் சிலருக்கு நோய் திரும்புகிறது. அப்போது மறுபடி ஊசியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.